பிரான்ஸ்ல சைக்கிள்ல ஒரு ரவுண்டு

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் செப்டம்பர்ல பாரிஸ் போறோம். திராட்சைத் தோட்டங்கள் வழியா சைக்கிள்ல போகணும்னு ஆசை, ஆனா யாருக்கும் பெரிய பழக்கம் இல்ல. எங்க போகலாம்?

பதில்: கண்ணை மூடிக்கிட்டு பர்கண்டி போங்க, வைனுக்குப் பேர் போன பகுதி அது. பாரிஸ்ல இருந்து டிஜோன் ஊருக்கு டிஜிவிங்கிற அதிவேக ட்ரெயின், அங்கிருந்து லோக்கல் ட்ரெயின்ல 'போன்'ங்கிற ஊர்ல இறங்கி சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கோங்க, முடிஞ்சா எலக்ட்ரிக் சைக்கிளே எடுங்க ஏன்னா அங்கங்க மேடு இருக்கு. அங்கிருந்து சான்தனேங்கிற ஊர் வரைக்கும் சுமார் 20 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுலயே போற சைக்கிள் பாதை, பொமார், வோல்னே, மெர்சோன்னு வரிசையா ஊர் வரும், அவசரப்படாம மெர்சோல சாப்பிட்டுட்டு போங்க, அவ்ளோ அழகு! இந்தத் தோட்டங்களை 2015ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த போன் ஊர்ல 1443ல கட்ட ஆரம்பிச்ச பழைய ஆஸ்பத்திரியோட கலர் ஓட்டுக் கூரையை கண்டிப்பா பாருங்க.

செப்டம்பர்ல அறுவடை நேரம், டிராக்டர் நிறைய வரும், ஒதுங்கி வழி விடுங்க, பழத்தைப் பறிக்காதீங்க, அது அவங்க பொழப்பு. இன்னொண்ணு, குடிச்சுட்டு ஓட்டுற சட்டம் அங்க சைக்கிளுக்கும் உண்டு, அதனால வைன் டேஸ்ட் பண்றதை சைக்கிளைத் திருப்பிக் குடுத்த பிறகு வச்சுக்கோங்க.