ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்கும்போது வரும் சோர்வை எப்படிச் சமாளித்தீர்கள்?

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய்க்காகப் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவதாகவும், 30 மில்லிகிராமில் இருந்து 7.5 வரை சுலபமாக இறங்கிவிட்டதாகவும், 5-க்கு வந்த பிறகு குளித்துவிட்டு வந்தாலே படுக்கத் தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சோம்பேறித்தனம் என்று சொல்கிறார்கள் என்ற வரியைப் படித்ததும் மனது கேட்கவில்லை. அது சோம்பேறித்தனம் இல்லவே இல்லை.

எனக்கும் லூபஸ்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோடு துணிக்கடைகளில் புடவை எடுப்பவர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் தொழில். 40 மில்லிகிராமில் தொடங்கி இன்று 2.5-ல் நிற்கிறேன். இதற்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

முதலில், 5-ல் ஏன் இப்படி அடித்துப் போடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகங்களின் தலையில் அட்ரீனல் என்று இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பது அவைதான். காலையில் நம்மை எழுப்பி நிறுத்துவதும், ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதும் அந்தக் கார்ட்டிசால். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், மூளையிலிருந்து அந்தச் சுரப்பிகளுக்குப் போகும் கட்டளை நின்றுவிடுகிறது. அவையும் ஓய்ந்து சுருங்கிவிடுகின்றன. உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரக்கும் கார்ட்டிசால், ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். அதனால் 30-லிருந்து 10-க்கு வரும்வரை பெரிய குறை தெரிவதில்லை, மாத்திரையே உடம்பின் தேவைக்கு மேல் கொடுத்துவிடுகிறது. 5-ஐ நெருங்கி அதற்கும் கீழே இறங்கும்போதுதான் தூங்கிக்கொண்டிருக்கும் சுரப்பி எழுந்து வேலை செய்தாக வேண்டும். அது எழ மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். இன்னொன்று, 40-லிருந்து 35 என்றால் எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. 5-லிருந்து 2.5 என்றால் சரிபாதி. காகிதத்தில் சின்ன எண்ணாகத் தெரிவது உடம்புக்குச் சின்னது அல்ல.

எனக்கு அந்தச் சோர்வு தெரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலை பதினொரு மணி. ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்குப் பட்டி வைத்துத் தைக்க வேண்டும், பத்து நிமிட வேலை. துணியை ஊசிக்கு அடியில் வைத்துவிட்டேன், கால் பெடலின் மேல் இருக்கிறது, மிதிக்க முடியவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கால் என்னுடையதே இல்லை என்பதுபோல் இருந்தது. அரை மணி நேரம் துணியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மோர் கரைத்துக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அது பெரிய உதவி.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கிறது, அதனால்தான் இந்தச் சோர்வு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, 5 மில்லிகிராமை நானாகவே நிறுத்தினேன். நான்காம் நாள் வாந்தி தொடங்கியது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. குளியலறை வாசலில் விழுந்துவிட்டேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரத்த அழுத்தம் மிகவும் கீழே இறங்கியிருந்தது. கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் டிரிப்பும் ஏறிய சில மணி நேரத்தில் எழுந்து பேசினேன். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் அங்கிருந்த மருத்துவர்.

அதனால் சோர்வைப் பிரித்துப் பார்க்கப் பழகினேன். மூட்டு வீக்கம், வாய்ப்புண், முகத்தில் தடிப்பு, காய்ச்சல் ஆகியவற்றோடு வந்தால் நோய் திரும்பத் தலைதூக்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தரையிலிருந்து எழவும் மாடி ஏறவும் மட்டும் தொடை ஒத்துழைக்கவில்லை என்றால், அதிக டோஸ் சாப்பிட்ட காலத்தில் தசை இளைத்திருக்கலாம். வாந்தி, தலைசுற்றல், மயக்கம், வயிற்றுவலி சேர்ந்தால் அது சுரப்பியின் பற்றாக்குறையாக இருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் உடனே கிளம்ப வேண்டும். இது எதுவும் இல்லாமல், டோஸ் குறைத்த சில நாட்களில் உடம்பு வலியும் அசதியும் மனச்சோர்வும் வந்து, இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல விலகினால், உடம்பு புது அளவுக்குப் பழகுகிறது என்று பொருள். நான் ஒரு பழைய டைரியில் தேதி, டோஸ், எழுந்த நேரம், எந்த வேலையோடு நின்றேன் என்று நாளுக்கு ஒரு வரி எழுதினேன். மருத்துவர் அதைப் பார்த்துத்தான் என் அட்டவணையை மாற்றினார். 5-லிருந்து நேரே 2.5-க்குப் போகாமல், ஒரு நாள் 5, மறுநாள் 2.5 என்று இரண்டு மாதம் ஓட்டினோம். குறைப்பதை மெதுவாக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. காலை எட்டு மணி வாக்கில், அன்றைய மாத்திரை போடுவதற்கு முன், கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது தேவையா என்று கேளுங்கள். கூடவே ரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். எனக்கு ஹீமோகுளோபின் 9-தான் இருந்தது. பாதிச் சோர்வு அதனால் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் நான் மாற்றிக்கொண்டவை பெரியவை அல்ல. மாத்திரையைக் காலை டிபன் முடிந்ததும் போட்டுவிடுவேன், மாலைக்குத் தள்ளினால் ராத்தூக்கம் கெடுகிறது. வெட்டுகிற வேலையும் அளவெடுக்கிற வேலையும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். ஹெம்மிங், ஊக்கு எல்லாம் மதியத்துக்கு மேல், சுவரில் சாய்ந்தபடி. களைத்த பிறகு படுத்தால் எழ மூன்று மணி நேரம் ஆகிறது. களைப்பு வருவதற்கு முன்பே இருபது நிமிடம் படுத்தால் அந்த நாள் தப்பிக்கிறது. எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

கீழே அடிபம்பில் தண்ணீர் பிடித்து இரண்டு மாடி தூக்குவதை விட்டுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் குடத்தைப் பாதிப் படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்த என் கணவர், மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்து அவரே பிடித்து வைக்கிறார். உங்கள் வீட்டில் பேச்சு எடுபடவில்லை என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். நாம் பத்து முறை சொல்வதை மருத்துவர் ஒரு முறை சொன்னால் போதும்.

தசைக்காக நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, ஐந்தில் தொடங்கி இப்போது இருபது. முட்டை, பருப்பு, காசிமேட்டு நெத்திலி கிடைக்கும் நாளில் நெத்திலி. வெயிலில் நடப்பதில்லை, லூபஸுக்கு வெயில் ஆகாது என்பது உங்களுக்கே தெரியும்.

காய்ச்சல் வந்தாலோ பல் பிடுங்கினாலோ மாத்திரையை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். என் பர்சில் ஒரு அட்டை இருக்கிறது. பெயர், நோய், மாத்திரை, டோஸ், கணவரின் எண். அதன் கீழே சிவப்பு மையில்: ‘நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர், மயங்கிக் கிடந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படலாம்.’ இன்றைக்கே நீங்களும் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.