மூளையின் நடுவே ஓடும் வளைகோடு: எம்.ஆர்.ஐ. வேகத்தை எவ்வளவு கூட்டலாம்?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். 1.5 டெஸ்லா காந்த வலிமை கொண்ட எந்திரம், தலையைச் சுற்றி 8 சேனல்கள் (சிக்னலை வாங்கும் பகுதிகள்) உள்ள ஹெட் காயில். கூட்டம் அதிகம் என்பதால் மூளை ஸ்கேனில் பேரலல் இமேஜிங் (சில வரிகளை விட்டு எடுத்து வேகத்தைக் கூட்டும் முறை) அளவை 2-இலிருந்து 3-ஆகக் கூட்டினோம். அதன்பிறகு டி2, ஃப்ளேர் என்ற படவகைகளின் நடுப்பகுதி மணல் தூவியதுபோல் இருக்கிறது என்று டாக்டர் கவலைப்படுகிறார். சிலருக்கு வென்ட்ரிக்கிளின் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) குறுக்கே ஒரு வளைகோடும் தெரிகிறது. ஏஐ ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். நேரத்தை இழக்காமல் என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் பார்ப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது.

முதலில் மணலை எடுத்துக்கொள்வோம். வேகத்தைக் கூட்டும்போது எந்திரம் சில வரிகளை எடுக்காமல் விடுகிறது. காயிலின் ஒவ்வொரு பகுதியும் தனக்கு அருகிலுள்ள திசுவைக் கூடுதலாகப் பார்க்கிறது. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் விடுபட்டவை கணக்கிடப்படுகின்றன. தலையின் நடுப்பகுதியோ எல்லாப் பகுதிகளுக்கும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கிறது. வேறுபாடு குறைவான அந்த இடத்தில் கணக்கு தடுமாறி இரைச்சல் பெருகுகிறது. இந்தப் பெருக்கத்தைத்தான் ஜி-ஃபேக்டர் என்கிறோம். தலாமஸ், பேசல் கேங்க்லியா போன்ற மூளையின் ஆழ்பகுதிகள் எல்லாம் இருப்பது அங்கேதான் என்பதால் டாக்டரின் கவலை நியாயமானது.

உங்கள் புரோட்டோகாலில் (ஸ்கேன் அமைப்புகளில்) ஆவரேஜ், அதாவது ஒரே தரவைத் திரும்ப எடுத்துச் சராசரி காண்பது, எத்தனை என்று பாருங்கள். 2 ஆவரேஜ் வைத்துக்கொண்டு வேகத்தை 3 ஆக்கியிருந்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிறீர்கள். வேகம் கூட்டாமல் 1 ஆவரேஜில் எடுப்பதை 100 என்று கொள்வோம். 2 ஆவரேஜ், வேகம் 3 என்றால் நேரம் 67, சிக்னல் தரம் 82. 1 ஆவரேஜ், வேகம் 2 என்றால் நேரம் 50, தரம் 71. முதலாவது மேல் என்று தோன்றும். ஆனால் இது ஜி-ஃபேக்டரைச் சேர்க்காத கணக்கு. நடுமூளையில் அது வேகம் 3-க்கு 1.5, வேகம் 2-க்கு 1.1 என்று வைத்துக்கொண்டால் 82 என்பது 54 ஆகிறது. 71 என்பது 64-இல் நிற்கிறது. இரண்டாவதில் நேரமும் மிச்சம், படமும் மேல். 8 சேனல் காயிலில் ஒரே திசையில் 3 என்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆவரேஜைக் குறைத்தால் கழுத்திலிருந்து ஏறும் ரத்த ஓட்டத்தின் நிழல்கள் சிறுமூளையில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம். ஸ்லைஸ்களுக்குக் கீழே ஒரு சேச்சுரேஷன் பேண்ட் (அங்கிருந்து வரும் ரத்தத்தின் சிக்னலை அடக்கும் பட்டை) போடுங்கள்.

இனி வளைகோடு. அது பெரும்பாலும் உச்சந்தோல் கொழுப்பின் பிரகாசமான விளிம்பு, சரியாகப் பிரிக்கப்படாமல் நடுவில் வந்து விழுவது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். காலிப்ரேஷன் (காயிலின் ஒவ்வொரு பகுதியும் எதைப் பார்க்கிறது என்று அளக்கும் முன்ஸ்கேன்) எடுத்த பிறகு நோயாளி தலையை அசைத்திருப்பார், அல்லது எஃப்.ஓ.வி. (படம் பிடிக்கும் பரப்பு) பேஸ் திசையில் (வரிகள் விடப்படும் திசை) தலையைவிடச் சிறிதாக இருக்கும். சென்ஸ் வகைப் பேரலல் இமேஜிங் முறைகளில், வெளியே விடுபட்ட காதும் மூக்கும் படத்தின் ஓரத்தில் மடங்காமல் நடுவிலேயே விழும். கிராப்பா என்ற மற்றொரு வகை இந்த விஷயத்தில் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே எஃப்.ஓ.வி.யை இரு காதுகளும் அடங்கும்படி விரியுங்கள். நோயாளி இருமினாலோ தலையைத் திருப்பினாலோ, காலிப்ரேஷனைத் தனியாக எடுக்கும் எந்திரமானால் அதைத் திரும்ப எடுங்கள். சில விநாடி வேலைதான், இதில் சோம்பல் கூடாது. தலைக்கு இருபுறமும் ஸ்பாஞ்ச் வைத்து இறுக்குவதை எந்த மென்பொருளும் ஈடுசெய்யாது. ஆக்சியல் (குறுக்குவெட்டு) படத்தில் பேஸ் திசை இடம்-வலமாக இருந்தால் கண் அசைவின் நிழலும் மூளைமேல் படாது. டிஃப்யூஷன் (நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் படவகை) மட்டும் விதிவிலக்கு: அதில் முன்-பின் திசையே சரி, வேகம் 2 அங்கே படத்தின் நெளிவையும் குறைக்கும்.

பக்கவாதத்தோடு வந்து, சொல்வதைக் கேட்கும் நிலையில் இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு குறும் புரோட்டோகால் வைத்திருங்கள். அங்கே வேகத்தைக் கூட்டுவதைவிட மேட்ரிக்ஸை (படப்புள்ளிகளின் எண்ணிக்கை) குறையுங்கள். நேரம் குறையும், சிக்னல் ஏறும். எந்திரத்தில் அசைவைத் தாங்கும் புரொப்பெல்லர் அல்லது பிளேடு முறை இருந்தால் டி2-க்கு அதையே போடுங்கள்.

ஏஐ ஃபில்டர் மணலைக் குறைக்கும். வளைகோட்டை அது பெரும்பாலும் மூளையின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டு இன்னும் தெளிவாக்கிக் காட்டக்கூடும். 2020-இல் நடந்த ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. போட்டியில், இத்தகைய ஏஐ மறுஉருவாக்கங்களில், உண்மையில் இல்லாத அமைப்புகள் தோன்றியதைக் கதிரியக்க மருத்துவர்களே சுட்டிக்காட்டினார்கள். பயன்படுத்துவதாக இருந்தால் ஃபில்டர் போடாத படத்தையும் டாக்டருக்கு அனுப்புங்கள்.

வேகத்தோடு தொடர்பில்லாத இரண்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோவாளைப் பூச்சரத்தின் முடிச்சுக்குள் ஹேர்பின் ஒளிந்திருக்கும். பூவோடு வருபவர்களைக் கூந்தலை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். படம் கெடுவதைவிட அது பாதுகாப்புப் பிரச்சினை. அடுத்தது, கடற்காற்றின் உப்பு ஈரம் ஸ்கேன் அறைக் கதவைச் சுற்றியுள்ள உலோகத் தொடுபட்டைகளை அரிக்கும். படத்தின் குறுக்கே புள்ளிக்கோடாக ஜிப் போட்டதுபோல் தெரிந்தால் முதலில் அந்தக் கதவைத்தான் பார்க்க வேண்டும்.

வேகத்தை 2-க்கு இறக்கிய பிறகும் மணல் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தால் காயிலின் ஒரு சேனல் பழுதாகியிருக்கலாம். பேன்டத்தை (சோதனைக்கான மாதிரிப் பொருள்) வைத்து ஒவ்வொரு சேனல் படத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று இருண்டிருந்தால் சர்வீஸ் இன்ஜினியரை அழையுங்கள். அவர் வந்து சரிசெய்யும்வரை அந்தக் காயிலில் வேகம் கூட்டாமல் எடுங்கள்.