டீசல் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது?

கேள்வி: அணு மின்சாரத்தால் இறந்தவர்களைவிட நிலக்கரியால் இறந்தவர்கள்தான் பல மடங்கு அதிகம் என்கிறார் எங்கள் பேராசிரியர். புகுஷிமாவை நினைத்தால் எனக்குப் பயம் போகவில்லை. யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: கணக்கில் அவர் சொல்வது சரிதான் அம்மா. நான் அனல் மின் நிலையத்தில் 31 வருடம் டீசல் ஜெனரேட்டர் பார்த்தவன். நிலக்கரிப் புகைக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனாலும் உன் பயம் வீணல்ல.

அணு உலையை நிறுத்தினாலும் அடுப்பு அணையாது. நிறுத்திய கையோடு முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் வந்துகொண்டிருக்கும். நாள்கணக்கில் தண்ணீர் சுற்ற வேண்டும். பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும். ஜப்பானில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் புகுஷிமா அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. வெளிக் கரண்ட் போனதும் ஜெனரேட்டர்கள் ஓடின. சுமார் 50 நிமிடத்தில் சுனாமி. ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன; தண்ணீர் புகுந்து நின்றுபோயின. படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறாவது உலையின் ஒரு ஜெனரேட்டர், காற்றில் குளிரும் வகை, மட்டும் தொடர்ந்து ஓடியது. அந்த ஒற்றை மெஷின்தான் 5, 6 உலைகளைக் காப்பாற்றியது.

அங்கிருந்து வடக்கே ஒனகாவா அணுமின் நிலையம், நடுக்க மையத்துக்கு இன்னும் பக்கம். அலை ஏறத்தாழ 13 மீட்டர், தளமோ 14.8 மீட்டர் உயரம். 869இல் வந்த சுனாமியை மறக்காத யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர் பிடிவாதம் பிடித்து வாங்கிய உயரம் அது. வீடிழந்த ஊர்க்காரர்கள் அந்த நிலையத்துக்குள்ளேயே அடைக்கலம் புகுந்தார்கள்! புகுஷிமாவில் 35 மீட்டர் மேட்டை வெட்டி 10 மீட்டருக்கு இறக்கியிருந்தார்கள். 15.7 மீட்டர் அலை வரலாம் என்று 2008இல் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் கணக்கே சொன்னது. தாள் தாளாகவே இருந்தது.

எங்கள் ஜெனரேட்டர் அறையிலும் மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். பாட்டரிகளைச் செங்கல் மேல் தூக்கி வைப்போம். தரையை உயர்த்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தது நான் ஓய்வு பெறும்வரை கோப்பைவிட்டு நகரவில்லை. அதனால் எனக்கு இது அந்நியக் கதை அல்ல.

அப்புறம், புகுஷிமாவில் கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு 2018இல் ஏற்றுக்கொண்டது ஒரு தொழிலாளியை. ஊரைவிட்டு வெளியேறிய அலைச்சலிலும் அதன் பின்விளைவிலும் அந்த மாகாணத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலும் முதியவர்கள். இவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று உன் பேராசிரியரிடம் கேள்.

கூடங்குளம் உனக்குப் பக்கம்தானே? கல்லூரியிலிருந்து கூட்டிப்போனால், ஜெனரேட்டர்கள் கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே என்று விசாரி. கடைசியாக லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்தது எப்போது என்பதையும் சேர்த்துக் கேள்.