சம நிலையில் நிற்பவர்களுக்கு இடையிலான சிவில் சட்டத்துக்கும், அரசு அதிகாரத்தைப் பயன்படுத்துவது பற்றிய பொதுச் சட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? அரசு ஒரு தரப்பாக இருந்தாலே அது பொதுச் சட்ட வழக்குதானா?

இல்லை. பலர் குழம்புவது இங்கேதான். அரசு வழக்கில் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, எந்த நிலையில் நின்று அந்தக் காரியத்தைச் செய்தது என்று பார்க்க வேண்டும்.

ஓர் அரசுத் துறை அலுவலகம் நடத்த ஒருவருடைய கட்டடத்தை வாடகைக்குக் கேட்கிறது. உரிமையாளர் மறுக்கலாம், வாடகையைக் கூட்டிக் கேட்கலாம். பின்னால் வாடகை பாக்கி விழுந்தால், பெரும்பாலான நாடுகளில் அது சாதாரண சிவில் வழக்கு. அதே கட்டடத்தைக் கையகப்படுத்தத் துறை உத்தரவு போட்டால், உரிமையாளரின் சம்மதத்துக்கு அங்கே வேலையில்லை. அதிகாரம் வந்துவிட்டது, கூடவே பொதுச் சட்டமும் வந்துவிட்டது.

ஒப்பந்தம், சொத்து, திருமணம், வாரிசுரிமை எல்லாம் சிவில் பக்கம். அரசமைப்பு, நிர்வாகம், வரி ஆகியவை பொதுச் சட்டம். குற்றவியலையும் பொதுவாக இதில்தான் சேர்ப்பார்கள்.

எல்லைக்கோடு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு பிரான்சின் பிளாங்கோ வழக்கைச் சொல்லலாம். 1871இல் போர்தோ நகரில், அரசுப் புகையிலைத் தொழிற்சாலையின் தள்ளுவண்டி மோதி ஒரு சிறுமி படுகாயமடைந்தாள். தந்தை நஷ்டஈடு கேட்டார். தனியார் வண்டியாக இருந்தால் சிவில் நீதிமன்றத்திலேயே முடிந்திருக்கும். ஆனால், பொதுச் சேவையில் உள்ளவர்கள் ஏற்படுத்தும் சேதத்துக்கு அரசின் பொறுப்பை, தனிமனிதர்களுக்கான சிவில் சட்டத் தொகுப்பைக் கொண்டு தீர்மானிக்க முடியாது, அரசு நிர்வாகம் சார்ந்த வழக்குகளுக்கென்றே தனியாக உள்ள நிர்வாக நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று 1873இல் தீர்ப்பானது. பிரெஞ்சு நிர்வாகச் சட்டத்தின் அடிக்கல் என்றே இதைச் சொல்வார்கள்.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது வேறொன்று. தனிமனிதர் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். அதிகாரி அப்படிச் செய்ய முடியாது. 'எந்தச் சட்டம் உங்களுக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது?' என்று கேட்டால் அவர் காட்டியாக வேண்டும். சாதாரண ஆளுக்குப் பொதுச் சட்டம் தரும் பெரிய பாதுகாப்பு இந்தக் கேள்விதான்.

அப்புறம், ஒரே சம்பவம் இரண்டு பக்கமும் போகலாம். குடிபோதையில் ஒருவர் வண்டியை மோதினால் தண்டனைக்காக அரசு வழக்கு நடத்தும், இழப்பீட்டுக்குக் காயமடைந்தவர் தனியாகக் கேட்கலாம்.

நடைமுறையில் காலக்கெடுவும் மாறும். இங்கிலாந்தில் ஒப்பந்த மீறலுக்குப் பொதுவாக 6 ஆண்டுகள் வரை வழக்குப் போடலாம். அரசு முடிவை எதிர்த்து நீதிமுறை மறுஆய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படிதான் எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும்படி, கோருவதென்றால் பொதுவாக 3 மாதங்கள்தான், அதற்குள்ளும் தாமதிக்கக் கூடாது. அதனால் கையில் இருப்பது அரசு உத்தரவு என்றால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.