கினிப்பன்றிக்கு இடைக்கிடை வலிப்பு வருவது ஏன்?
கிழமைக்கு ஒருக்கா விழுந்து காலை உதறுகிறது, கொஞ்ச நேரத்தில் எழும்பி ஒன்றும் நடக்காதது போலப் புல் தின்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தோலைப் பாருங்கள். முடி கொட்டி, பொருக்குத் தட்டி, ஓயாமல் சொறிகிறதென்றால் பெரும்பாலும் சொறிப் பூச்சிதான். ட்ரிக்சகாரஸ் கேவியே என்ற அது கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்துக்கொண்டு போவதால் வருகிற அரிப்பு தாங்காமலே வலிப்பு வந்துவிடும், பார்க்கிறவர்கள் மூளை வருத்தம் என்று பயந்துபோவார்கள். மிருக வைத்தியர் நிறை பார்த்து ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கொடுப்பார், முட்டைகள் பிறகு பொரிக்கும் என்பதால் ஒரு தடவையோடு முடியாது. மாட்டுக்கு வாங்கிய மருந்தை நீங்களாக ஊற்றிவிடாதீர்கள். தோல் சுத்தமாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்: மட்டக்களப்பு வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே கூடு என்றால் சூடே போதும். சினையாக இருந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். வலிப்பு வரும்போது வாய்க்குள் விரலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.