365 நாள் மழை, 73 நாள் பறிப்பு: ஆர் மென்பொருள் ஏன் வாயே திறக்கவில்லை?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்ன காப்பித் தோட்டம். 2023-க்கு மழையளவு தினமும் குறித்தது 365 வரிகள். பழம் பறித்து எடை போட்ட நாட்கள் 73 வரிகள். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் மழை அட்டவணையோடு கிலோவைப் புது நெடுவரிசையாகச் சேர்த்தேன். பிழை ஏதும் வரவில்லை. ஆனால் மே மாதத்திலும் பழம் பறித்ததாகக் காட்டுகிறதே?

பதில்: மே மாதத்தில் பிஞ்சு பிடித்திருந்தாலே பெரிது. உங்கள் கெட்ட நேரம், 365 என்பது 73-இன் சரியான ஐந்து மடங்கு. அட்டவணையின் வரி எண்ணிக்கை இப்படி மீதியின்றி வகுபட்டால், இருக்கும் எண்களையே ஆர் திரும்பத் திரும்ப நிரப்பிவிடும்; எச்சரிக்கைகூடத் தராது. மார்ச் 14 வரை ஒரு சுற்று முடிந்து, 15-ஆம் தேதி முதல் எண்ணே மறுபடி வந்திருக்கும், பாருங்கள். அந்த முதல் சுற்றும் தப்புதான்: ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைக்கும் எடை ஏறியிருக்கும். இதுவே 366 நாள் கொண்ட 2024 என்றால் ஆர் பிழை காட்டி நின்றிருக்கும். ஆரிலேயே உள்ள, கண்டிப்பு மிகுந்த 'டிபிள்' வகை அட்டவணை ஒற்றை மதிப்பை மட்டுமே இப்படி நிரப்பும், மற்றதை மறுத்துவிடும். அதற்காகவே நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

குறைகிற இடத்தை 'என்ஏ' (மதிப்பு இல்லை என்பதற்கான ஆர் குறி) போட்டு நிரப்பி நீளத்தைச் சமமாக்கு என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த என்ஏ எல்லாம் கடைசியில் போய் உட்காரும். நவம்பர், டிசம்பர் பறிப்பு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கிடக்கும். எந்த எடை எந்தத் தேதிக்கு என்பதுதான் இங்கே கேள்வி. ஆகவே தேதியை வைத்து இணையுங்கள் (கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்):

மெர்ஜ்(மழை, பறிப்பு, பை = "தேதி", ஆல்.எக்ஸ் = ட்ரூ)

கடைசித் துண்டை விட்டால் பறிக்காத நாட்களின் மழை காணாமல் போய்விடும்.

இணைக்கும் முன் தேதியைச் சரிபாருங்கள். எக்செலில் இருந்து 05/06/2023 என எழுத்தாக வந்ததை, வடிவம் சொல்லாமல் 'ஆஸ்.டேட்' கட்டளையிடம் கொடுத்தால் அது கி.பி. 5-ஆம் ஆண்டு ஜூன் 20 என்று படித்துக்கொள்ளும்! இதற்கும் பிழை வராது. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை 'ஃபார்மேட்' மூலம் சொல்லியே ஆக வேண்டும், இரண்டு அட்டவணைக்கும்.

காலையும் மாலையும் தனித்தனியாக எடை போட்டு இரண்டு வரி எழுதும் வழக்கம் உண்டா? அப்படியானால் முதலில் 'அக்ரிகேட்' கொண்டு நாளுக்கு ஒரே கூட்டுத்தொகை ஆக்குங்கள். இல்லையென்றால் அந்த நாளின் மழையும் இரண்டு முறை எண்ணப்படும். இணைத்த பின், வரிகளை எண்ணும் 'என்ரோ' கட்டளை 365 என்று சொல்ல வேண்டும். கூடினால் எங்கோ தேதி இரட்டித்திருக்கிறது.

மிஞ்சும் என்ஏக்களை மொத்தமாகப் பூஜ்யம் ஆக்கலாமா என்பது உங்கள் நோட்டைப் பொறுத்தது. பறிக்காத நாள் என்றால் பூஜ்யம் சரி. பறித்தும் மேஸ்திரி எழுத மறந்த நாள் என்றால் என்ஏவாகவே விடுங்கள். சராசரி எடுக்கும்போது 'என்ஏ.ஆர்எம் = ட்ரூ' சேர்த்தால் அந்த நாட்களை விட்டுவிட்டுக் கணக்கிடும்.