15-வது திருத்தம் இருந்தும் வாக்கைப் பறித்தது எப்படி?

“அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினத்தவருக்கு விடுதலை, குடியுரிமை, வாக்குரிமை என்று அரசமைப்பின் 13, 14, 15-வது திருத்தங்கள் வந்துவிட்டனவே, பிறகு 1965-ல் எதற்கு இன்னொரு வாக்குரிமைச் சட்டம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. வழிகாட்டி நூல்களில் லிங்கன் சுடப்பட்டதோடு அமெரிக்காவே முடிந்துவிடும்.

15-வது திருத்தம் (1870) யாருக்கும் வாக்கைக் கையில் கொடுக்கவில்லை. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது ஆகிய மூன்றில் எதையும் காட்டி மறுக்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். தெற்கில் கூட்டாட்சி ராணுவம் இருந்தவரை இந்தக் குறை தெரியவில்லை. 1867-ல், போரில் தோற்ற தெற்கின் 10 மாநிலங்களை 5 ராணுவ மாவட்டங்களாக்கி, வாக்காளர் பதிவையும் படையே நடத்தியது. அப்படி அமைந்த மிசிசிப்பி சட்டமன்றம்தான் 1870-ல் கறுப்பினத்தவரான ஹைராம் ரெவல்ஸை நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு அனுப்பியது. 1877-ல் ராணுவம் விலகிய பின் வாக்காளர் பட்டியல் முழுக்க உள்ளூர் வெள்ளையர் கைக்குப் போனது.

அதற்கு முன்பே துப்பாக்கியால் மிரட்டித்தான் வாக்கைத் தடுத்தார்கள். ஆனால் நிலைத்தது காகித வழிதான். மிசிசிப்பியின் 1890 அரசமைப்பைப் பாருங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைவரி 2 டாலர். முந்தைய இரண்டு ஆண்டுகளின் வரி பாக்கி எல்லாவற்றையும் தேர்தல் ஆண்டின் பிப்ரவரி 1-க்குள் கட்டி, அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். தேர்தலோ நவம்பரில். விளைச்சலில் பங்கு கொடுத்து உழும் குத்தகைக்காரனுக்கு அறுவடைக் கணக்கு முடிந்தால் மிஞ்சுவது கடன், ரொக்கம் ஏது? மாநிலத்தில் 2 ஆண்டு, அதே தொகுதியில் 1 ஆண்டு குடியிருப்பு வேண்டும் என்றார்கள். நிலம் மாறி நிலம் போகிறவன் இதிலேயே விழுந்தான். கறுப்பினத்தவர் செய்வதாக அவர்கள் எண்ணிய திருட்டு, பொய் சொல்லிப் பணம் வாங்குவது போன்ற குற்றங்களுக்கு வாக்கு போகும். கொலை அந்தப் பட்டியலில் இல்லை! கடைசியாக, அரசமைப்பின் ஏதாவது ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது வாசித்துக் காட்டினால் விளக்க வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் பதிவு அதிகாரி. எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையரைக் காப்பாற்ற வைத்த கதவு அது.

இவற்றில் எங்கும் இனத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால்தான் 1898-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதே ஆண்டு லூசியானா மாநிலம், 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும் அவரது மகன், பேரனுக்கும் எழுத்துத் தேர்வும் சொத்துத் தகுதியும் வேண்டாம் என்றது. அந்தத் தேதியில் அங்கே கறுப்பினத்தவருக்கு வாக்கே இல்லை. 1896-ல் அங்கே பதிவான கறுப்பின வாக்காளர் 1,30,334, 1900-ல் 5,320.

1965 சட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்தது: தேர்வுகளை நிறுத்தியது, கூட்டாட்சி அதிகாரிகளைப் பதிவுக்கு அனுப்பியது, தேர்தல் விதியை மாற்றுமுன் வாஷிங்டனின் ஒப்புதலைக் கேட்கச் சொன்னது. இந்த முன் ஒப்புதல் எந்தெந்த மாநிலங்களுக்கு என்று தீர்மானித்த அளவுகோலை 2013-ல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது.

வடக்கை நல்லவனாக்குகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். 1865-ல் வட மாநிலங்களான கனெக்டிகட், விஸ்கான்சின், மினசோட்டா மூன்றும் கறுப்பினத்தவர் வாக்குரிமையை வாக்கெடுப்பில் தோற்கடித்தவைதான்.

என் ஆத்திரம் 14-வது திருத்தத்தின் 2-வது பிரிவு மீது. ஆண்களின் வாக்கை மறுத்தால் அந்த அளவுக்கு அந்த மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை இடங்களைக் குறைக்க வேண்டும் என்று தண்டனை தெளிவாகவே இருக்கிறது. ஒருமுறைகூட அமல்படுத்தவில்லை. சபை இடங்கள் மக்கள்தொகையைப் பொறுத்தவை. அடிமைக் காலத்தில் அந்தக் கணக்கில் ஆளுக்கு ஐந்தில் மூன்றாக எண்ணப்பட்ட கறுப்பினத்தவரைத் தெற்கு விடுதலைக்குப் பின் முழுசாக எண்ணி இடங்களைக் கூட்டிக்கொண்டது, வாக்கை மட்டும் தரவில்லை.